பதினேழு மில்லிமீட்டர்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் தேதி எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் தெருவில் யாருக்காவது விண்ணப்பம் எழுத வேண்டும் என்றால் இன்றைக்கும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். நீங்கள் வெள்ளைத் தாளை நீட்டி, நடந்ததை உங்கள் கைப்பட எழுதிக் கொடுங்கள் என்றதும் மறுபேச்சு பேசாமல் வாங்கிக்கொண்டேனே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீங்கள் நிர்வாகத்தில் இருப்பவர், லேப் வேலை தெரியாது என்று சொன்னீர்கள். அதனால் அடியிலிருந்து வருகிறேன்.

ஆஸ்பத்திரி லேப்பில் கிருமி செக்‌ஷன் என் பொறுப்பு. இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிறேன். நோயாளியின் ரத்தம் அல்லது சிறுநீர் எங்களிடம் வரும். அதை ஜெல்லி ஊற்றிய வட்டத் தட்டில் தடவிச் சூட்டுப் பெட்டியில் வைப்போம். முதல் நாள் வேலை அவ்வளவுதான். இரண்டாம் நாள் கிருமி முளைத்திருக்கும். அது என்ன கிருமி என்று கண்டுபிடித்து, புதுத் தட்டில் பரப்பி, அதன்மேல் மருந்து தோய்த்த சின்னக் காகித வில்லைகளை வைப்போம். மூன்றாம் நாள் காலையில் தட்டை எடுத்தால், மருந்து வேலை செய்திருக்கும் பட்சத்தில் வில்லையைச் சுற்றி ஒன்றும் முளைக்காமல் ஒரு வட்டம் பளிச்சென்று தெரியும். அந்த வட்டத்தை ஸ்டீல் ஸ்கேலால் அளக்க வேண்டும்.

என்டரோகாக்கஸ் என்று ஒரு கிருமி. உங்கள் குடலிலும் இருக்கும், என் குடலிலும் இருக்கும். அங்கே இருக்கிறவரை சாது. சிறுநீர்ப் பையிலோ ரத்தத்திலோ இதயத்திலோ போய் உட்கார்ந்துவிட்டால் கிளப்புவது கஷ்டம். அதற்கு டாக்டர்கள் முதலில் கை வைக்கும் மருந்து ஆம்பிசிலின். பென்சிலின் குடும்பத்து மருந்து. வட்டம் பதினேழு மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் கிருமி மருந்துக்குக் கேட்கும், எஸ் என்று எழுதுவோம். பதினாறும் அதற்குக் கீழும் என்றால் கேட்காது, ஆர். நடுவில் ஒன்றும் கிடையாது.

இங்கேதான் என் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் ரிப்போர்ட்டை இரண்டாம் நாள் சாயங்காலமே எழுதிவிடுவேன். கிருமி என்டரோகாக்கஸ் என்று தெரிந்ததும், ரிஜிஸ்டரிலும் ரிப்போர்ட் தாளிலும் ஆம்பிசிலினுக்கு நேராக எஸ் போட்டுவிடுவேன். மில்லிமீட்டருக்கு மட்டும் இடம் விட்டிருப்பேன். மூன்றாம் நாள் காலையில் அளந்து அந்த எண்ணை நிரப்பினால் போதும். வார்டு கேட்கும்போது ரிப்போர்ட் தயாராக இருக்கும். சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். பதினைந்து வருடம் நான் பார்த்த என்டரோகாக்கஸ் எல்லாம் ஆம்பிசிலினுக்குக் கேட்டது. சூரியன் கிழக்கே உதிக்கும் என்று முதல் நாளே எழுதி வைப்பது போலத்தான் அது.

அடித்தல் திருத்தல் எனக்குப் பிடிக்காது. பிடிக்காது என்பதைவிட, இங்கே அது லேசான காரியமும் இல்லை. ஒரு எழுத்தை அடித்தால் பக்கத்தில் காரணம் எழுதி, கையெழுத்துப் போட்டு, பெரிய டாக்டரிடம் கொண்டுபோய் அவர் கையெழுத்தையும் வாங்க வேண்டும். அவர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். வெளியிலிருந்து தர ஆய்வுக்கு வந்தவர்கள் முன்னால் ஒரு தடவை என் ரிஜிஸ்டரைத் தூக்கிக் காட்டி, "பாருங்க, வருஷம் பூரா ஒரு அடித்தல் இல்லை. இவர் கை பட்டா அது கல்வெட்டு" என்றார். அன்று வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் சொன்னேன். "கல்வெட்டுன்னா தப்பா எழுதிட்டா கல்லையே தூக்கிப் போடணுமே" என்று சிரித்தாள். அவளுக்கு வாய் அப்படி.

வட்டம் சிறுத்தது ஒரே நாளில் நடந்தது அல்ல. முதலில் இருபத்திநாலு, இருபத்திமூன்று என்று வரும். பிறகு இருபது. பிறகு பத்தொன்பது. நாலைந்து வருடத்தில் நடந்தது இது. ஆஸ்பத்திரியில் வேறு யாரும் இதைப் பார்க்கவில்லை, ஏனென்றால் ஸ்கேல் என் கையில் இருந்தது. பார்க்க ஒரு மாதிரி நன்றாகக்கூட இருந்தது என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குளம் வற்றுவதைக் கரையில் உட்கார்ந்து பார்ப்பது போல.

முதல் பதினாறு வந்த காலை எனக்கு நினைவிருக்கிறது. எஸ் என்று ஏற்கனவே எழுதியிருந்தது. ஸ்கேலைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் பதினேழு என்றும் சொல்லலாம். ஒரு மில்லிமீட்டர். பேனா முனை அகலம். பதினேழு என்று எழுதினேன். அந்த நோயாளி ஒரு லாரி டிரைவர், சிறுநீர்த் தொற்று. ஐந்தாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனார். அதனால் எனக்கு ஒரு தைரியம் வந்தது.

அடுத்து வந்த பதினைந்தும் பதினேழு ஆனது. அதற்கடுத்து பதிமூன்று. கடந்த இரண்டு வருடத்தில் பதினேழு என்ற எண் அறுபத்திரண்டு தடவை வந்திருக்கிறது என்று நீங்கள் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறீர்கள். நான் எண்ணிப் பார்த்ததில்லை. சரியாகத்தான் இருக்கும்.

வருடக் கடைசியில் என் ரிஜிஸ்டரைப் பார்த்துத்தான் வார்டுகளுக்கு அட்டவணை ஒட்டுவார்கள், எந்தக் கிருமிக்கு எந்த மருந்தை முதலில் கொடுப்பது என்று. என்டரோகாக்கஸுக்கு நேராக ஆம்பிசிலின் நூற்றுக்கு நூறு என்று இருக்கும். டாக்டர்கள் அதை நம்பி அதையே கொடுத்தார்கள். அதனால் என்ன ஆகும் என்று எனக்குச் சொன்னவர் ஒருவர் இருந்தார்.

அவரை லேப்பில் எல்லோரும் மறுபடி என்று கூப்பிடுவார்கள். என் வயதுதான், வேறு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பெண். எந்த முடிவு வந்தாலும் "மறுபடி ஒரு தடவை போட்டுப் பாத்துரலாமா?" என்பார். டீ குடித்த டம்ளரைக்கூட மறுபடி கழுவுவார் என்று கேலி செய்வோம். ஒரு நாள் மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டு வரும்போது, தூக்கிப் போட வைத்திருந்த என் பழைய தட்டுகள் ஆறையும் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க. பன்னெண்டுதான் வருது. நீங்க பதினேழு போட்டிருக்கீங்க."

"உன் ஸ்கேலை மாத்தும்மா" என்றேன்.

"உங்க ஸ்கேல்லதான் அளந்தேன்."

"வேற கிருமி ஏதாவது விழுந்து வளர்ந்திருக்கும்."

"ஆறு தட்டுலயுமா? சொல்லி வெச்ச மாதிரியா?"

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சண்டை போடும் குரல் இல்லை, பக்கத்து வீட்டுக்காரி பேசுவது போலப் பேசினார்.

"கிருமிக்குச் சுவர் இருக்குல்லண்ணே, அதைக் கட்டிக்கிட்டே இருக்கிற கொத்தனாருங்க உள்ள இருக்காங்க. பென்சிலின் வகை மருந்து போய் அவங்க கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கும். வேலை நிக்கும், சுவர் விட்டுப்போகும், கிருமி சாகும். ஆனா இந்த என்டரோகாக்கஸ்கிட்ட பொறந்ததுலேருந்தே ஒரு கொத்தனார் இருக்கான். அவன் கை வழுக்கும். மத்தவங்க எல்லாரையும் மருந்து கட்டிப் போட்டாலும் இவன் ஒருத்தனே நின்னு மொத்தச் சுவரையும் கட்டிருவான். நிறைய மருந்து போட்டாத்தான் இவனும் சிக்குவான். நாம வருஷக்கணக்கா இதே மருந்தையே ஊத்திக்கிட்டிருக்கோம். கொஞ்சம் வழுக்கினது செத்துப்போச்சு. ரொம்ப வழுக்கினது பிழைச்சு, பெருகிடுச்சு. சிலது அந்த வழுக்குக் கையனையே நாலு ஆளா ஆக்கிக்கிச்சு. சிலதுக்குக் கையோட வடிவமே மாறிப்போச்சு. இனிமே எவ்வளவு ஊத்தினாலும் பிடி கிடைக்காது. மத்த சாதுக் கிருமிதான் சாகும், இதுக்கு இடம் தாராளமாக் கிடைக்கும். அப்புறம் கையில, கட்டில் கம்பியில, சிறுநீர்க் குழாய்ல ஒட்டிக்கிட்டு வார்டு வார்டாப் போகும். டாக்டர்கிட்ட சொல்லிடலாம்ணே. மாத்தி எழுதிடலாம்."

நன்றாகச் சொன்னார். எனக்கு அதுவரை யாரும் இவ்வளவு புரியும்படி சொன்னதில்லை. ஆனால் மாற்றி எழுதுவது என்றால் எதிலிருந்து எதுவரை என்று யோசித்துப் பாருங்கள். ஒரு எழுத்தை அடித்தால் போதாது. இரண்டு வருடத்தை அடிக்க வேண்டும்.

அடுத்த வாரம் அவரை ரத்த குரூப் பார்க்கும் மேஜைக்கு மாற்றினேன். பழிவாங்கல் என்று அவர் உங்களிடம் சொல்லியிருக்கலாம். அந்த மேஜையில் நான்கு மணிக்கே வேலை முடிந்துவிடும். அவர் வீடு தூரம்.

இனி தையல்காரம்மா.

மூன்றாவது மாடிப் பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில். ஐம்பது வயது இருக்கும். இதய வால்வில் பழைய கோளாறு. சிறுநீரில் தொடங்கிய தொற்று ரத்தத்தில் ஏறி, அந்த வால்வில் போய் உட்கார்ந்துவிட்டது. அவர் அட்மிட் ஆன இரண்டாம் நாள் பக்கத்துக் கட்டிலுக்கு என் மனைவி வந்தாள். அவளுக்குச் சிறுநீரகத்தில் கல், எடுப்பதற்குச் சின்ன ஆபரேஷன். இருவரும் ஒரே நாளில் ஒட்டிக்கொண்டார்கள். நான் பார்க்கப் போகும்போதெல்லாம் சிரிப்புச் சத்தம் வராண்டா வரை கேட்கும்.

தையல்காரம்மாவால் கையைச் சும்மா வைத்திருக்க முடியாது. தலையணைக்கு அடியில் அளவு டேப் வைத்திருந்தார். படுத்தபடியே என் மனைவியை நிற்க வைத்து ஒரு சட்டைக்கு அளவு எடுத்து, மாத்திரைக் கவரின் பின்னால் குறித்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன்.

"அண்ணே, வாங்க. உங்க வீட்டம்மா சொன்னாங்க, நீங்களும் நாள் முச்சூடும் அளந்துகிட்டே இருப்பீங்களாமே? அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே தொழில்."

"நீங்க துணி, நான் கிருமி" என்றேன்.

"எதுவா இருந்தா என்னண்ணே? ஒரு நூல் பிசகினா தோள்பட்டை இழுத்துக்கும். போட்டுக்கிறவங்களுக்குத்தானே தெரியும் அவஸ்தை."

"இவர் பிசகவே மாட்டாருக்கா" என்றாள் என் மனைவி. "கல்வெட்டு."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தக் கவரைப் பார்த்தேன். இடுப்பு முப்பத்தாறு என்று எழுதி, அடித்து, முப்பத்தைந்தரை என்று மாற்றி எழுதியிருந்தது. மொத்தம் மூன்று இடத்தில் அடித்தல். டேப்பை இரண்டாம் தடவை சுற்றிப் பார்த்திருப்பார் போல. பார்க்கவே கோரமாக இருந்தது.

அவருடைய ரத்தத் தட்டை மறுநாள் காலையில் பார்த்தேன். ஆம்பிசிலின் வில்லையைச் சுற்றி வட்டமே இல்லை. கிருமி வில்லையின் விளிம்புவரை, புல் வரப்பைத் தொட்டு முளைப்பது போல முளைத்திருந்தது. எஸ் ஏற்கனவே எழுதியிருந்தேன். பதினேழு என்று நிரப்பினேன். ஆம்பிசிலின் ஆரம்பித்தார்கள்.

மூன்று நாள் கழித்து என் மனைவிக்குக் குளிர் ஜுரம். ஆபரேஷனுக்குப் பிறகு வைத்த சிறுநீர்க் குழாய் வழியாக வந்திருக்க வேண்டும். அவள் ரத்தம் லேப்புக்கு வந்தது. அதே சமயம் தையல்காரம்மாவுக்கு ஜுரம் இறங்கவில்லை என்று இரண்டாம் தடவை அவர் ரத்தத்தையும் அனுப்பியிருந்தார்கள். மூன்றாம் நாள் காலையில் இரண்டு தட்டும் என் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, வார்டில் அவர்கள் கட்டில் இருப்பது போலவே. இரண்டிலும் ஒரே கிருமி. இரண்டிலும் ஆம்பிசிலினுக்கு வட்டம் இல்லை. வான்கோமைசின் என்ற இன்னொரு மருந்துக்கு மட்டும் இரண்டிலும் அழகான வட்டம்.

தையல்காரம்மா பெயருக்கு எதிரே பதினேழு என்று எழுதினேன். என் மனைவி பெயருக்கு எதிரேயும் பதினேழு என்றுதான் எழுதினேன். நான் பாரபட்சம் பார்ப்பவன் இல்லை என்பதற்கு அந்தப் பக்கமே சாட்சி.

எழுதி, மை காய்ந்ததும் மாடி ஏறினேன். வார்டு டாக்டர் மேஜையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"சார், என் வீட்டுக்காரம்மாவுக்கு ஆம்பிசிலின் போட்டுடாதீங்க. பென்சிலின் வகையே ஒத்துக்காது. உடம்பெல்லாம் தடிச்சு மூச்சு வாங்க ஆரம்பிச்சிடும்."

"நல்லவேளை சொன்னீங்க" என்று எழுந்தே விட்டார். சிவப்பு மையில் அவள் சார்ட்டில் பெரிதாக எழுதினார். "அப்ப வான்கோமைசின் போட்டுடலாம். அதுக்கு வட்டம் எப்படி?"

"நல்லா இருக்கு சார்."

என் மனைவி அரை மயக்கத்தில் கண்ணைத் திறந்து, "எனக்கா? எனக்கு எப்ப ஒத்துக்காமப் போச்சு?" என்றாள். ஜுரத்தில் பிதற்றுகிறாள் என்று நர்ஸ் போர்வையை இழுத்துவிட்டார்.

பக்கத்துக் கட்டிலில் தையல்காரம்மா விழித்துக்கொண்டுதான் இருந்தார். கண் உள்ளே போயிருந்தது. "நல்லாப் பாத்துக்கங்கண்ணே அவளை" என்றார். அவர் கையில் ஆம்பிசிலின் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. நான் தலையாட்டினேன்.

என் மனைவிக்கு மூன்றாம் நாள் ஜுரம் விட்டது. அன்றைக்குத்தான் வார்டு டாக்டர் போன் செய்தார்.

"அந்த வால்வு கேஸ், அதுக்கு ஆம்பிசிலின் எஸ் தானே? டோஸை ஏத்தியும் பாத்துட்டேன், அசைய மாட்டேங்குது. ரெண்டு கல்ச்சர்லயும் எஸ் தானே?"

"ஆமா சார். ரெண்டுலயும் பதினேழு."

"நிச்சயமா?"

"ரிஜிஸ்டர் முன்னாடிதான் இருக்கு சார். அப்படியே படிக்கிறேன்."

நான் பொய் சொல்லவில்லை. ரிஜிஸ்டரில் இருந்ததைத்தான் படித்தேன்.

பத்தொன்பதாம் நாள் காலை வால்வு கிழிந்து தையல்காரம்மா இறந்துபோனார். அவர் கணவர் பஸ் டெப்போவில் மெக்கானிக். நகக்கண்ணில் கிரீஸ் போகாத கை. பில்லிங்கிலும் பிணவறையிலும் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று தெரியாமல் நின்றவரை நான்தான் கூட்டிக்கொண்டு போய், படிவமெல்லாம் என் கையால் நிரப்பிக் கொடுத்தேன். "ரொம்ப உபகாரம் சார்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு மாதம் கழித்து அந்த மாத்திரைக் கவரை வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார். "வெட்டத்தான் முடியலை, அளவாவது உங்ககிட்ட இருக்கட்டும்னு" என்றார். என் மனைவி அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

அன்று சாயங்காலம் சமையலறையில் வைத்துக் கேட்டாள்.

"ஏங்க, போன வருஷம் பல் பிடுங்கினப்ப ஒரு வாரம் ஆம்பிசிலின் மாத்திரைதானே முழுங்கினேன்? நீங்கதானே வாங்கிட்டு வந்தீங்க?"

"இருக்கலாம்."

"ஒண்ணும் தடிக்கலையே எனக்கு."

நான் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் விடவில்லை.

"அந்த மருந்து வேலை செய்யாதுன்னு உங்களுக்குத் தெரியும். எனக்கு வந்ததும் அக்காவுக்கு வந்ததும் ஒண்ணுதான்னும் தெரியும்."

"ரிப்போர்ட்ல வேற மாதிரி இருந்துச்சும்மா. நான் என்ன பண்ண முடியும்?"

"எனக்கு ஒத்துக்காதுன்னு சொன்ன வாய்தானே? அக்காவுக்கும் ஒத்துக்காதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அதுக்கு எதையும் அடிக்கக்கூட வேண்டாமே."

நியாயமான கேள்விதான். உண்மையைச் சொன்னால் அது எனக்குத் தோன்றவே இல்லை. அவர் எனக்குச் சொந்தம் இல்லை. சொந்தம் இல்லாத ஒரு நோயாளிக்கு எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று லேப்காரன் போய்ச் சொல்வது முறையா?

மறுநாள் அவள் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது அந்தக் கவரை மட்டும் எடுத்துக்கொண்டாள். உங்களுக்குப் பெயர் போடாமல் ஒரு கடிதம் வந்தது, பல் பிடுங்கியபோது என் மனைவி ஆம்பிசிலின் சாப்பிட்டது அதில் இருக்கிறது என்றீர்கள், கடிதத்தைக் காட்டவில்லை. காட்ட வேண்டாம். பல் பிடுங்கிய விஷயம் தெரிந்தவர் உலகத்தில் இரண்டு பேர்தான், அதில் ஒருவன் நான். அவள் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், நிறைய அடித்து எழுதியிருப்பாள்.

நீங்கள் தெளிவாக ஒரு வரி வேண்டும் என்றீர்கள். எழுதுகிறேன். தையல்காரம்மாவின் தட்டைப் பார்த்த காலையிலேயே அந்த மருந்து வேலை செய்யாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் பதினேழு என்று எழுதினேன். போனில் டாக்டர் கேட்டபோதும் தெரியும். அந்த அறுபத்திரண்டில் மற்றவர்கள் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்று நான் விசாரித்ததில்லை. அது வார்டு வேலை.

என் மேஜையில் இப்போது மறுபடியை உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். பழைய பக்கங்களில் சிவப்பு மையால் கோடு கோடாக அடித்துக்கொண்டிருக்கிறாராம். அவசரப்படாமல் ஸ்கேல் வைத்து அடிக்கச் சொல்லுங்கள்.

எழுதி முடித்து ஒரு தடவை படித்துப் பார்த்தேன். ஏழாம் பக்கத்தில் தையல்காரம்மா இறந்துபோனார் என்று எழுத வேண்டிய இடத்தில் கை தவறி வேறு ஒரு வார்த்தை விழுந்துவிட்டிருந்தது. நான் செய்ததாக அர்த்தம் வரும் வார்த்தை. அதை அடிக்க மனம் வரவில்லை. அந்தத் தாளை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வேறு தாளில் சரியாக எழுதிச் சேர்த்துவிட்டேன். நீங்களே புரட்டிப் பாருங்கள், பதினோரு பக்கத்திலும் ஒரு அடித்தல் கூட இல்லை.